பாறுக்கு ஒரு நீதி, லோடுமேனுக்கு ஒரு ஊசி

வலி ஊசி படுத்தும் பாட்டைப் பார்த்து இந்திய அரசு ஒருமுறை உண்மையாகவே இரங்கியது. டைக்ளோஃபெனாக் என்ற அந்த மருந்து ஓர் உயிரினத்தின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்கிறது என்று 2004இல் விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். கோப்பு நகர ஒரு தலைமுறை ஆகும் நாட்டில், இரண்டே வருஷத்தில், 2006இல், மருந்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த உயிரினம் பாறு கழுகு.

மாட்டுக்கு வலி ஊசி போடுவார்கள். அப்படியும் சில நேரம் மாடு சாகும். செத்த மாட்டைத் தின்ற பாறும் சாகும். வெண்முதுகுப் பாறு என்ற இனம் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோன பிறகுதான் கண் திறந்தது. ஆனாலும் திறந்ததே, அது பெரிய விஷயம். மாற்று மருந்து தேடினார்கள், மெலாக்சிகாம் கிடைத்தது. அரியானாவின் பிஞ்சோரில் பாறுக்கென்றே இனப்பெருக்க மையம் எழும்பியது. தடை மாட்டு மருந்துக்குத்தான் என்பதால், மனிதருக்கு விற்கும் 30 மில்லி குப்பியை வாங்கி மாட்டுக்கு ஏற்றுகிறார்கள் என்று தெரிந்ததும், 2015இல் மனிதக் குப்பியையே 3 மில்லியாகச் சுருக்கினார்கள். கம்பெனிகள் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறின. 2017இல் தீர்ப்பு வந்தது. பாறு ஜெயித்தது.

எனக்கு இதில் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகள் நூறாண்டு வாழட்டும். நான் கேட்பது வேறு. அந்த 3 மில்லி குப்பி எங்கே போகிறது?

கொடுங்கையூருக்கு வருகிறது.

வடசென்னையின் எச்சிலெல்லாம் வந்து சேரும் ஊர் இது. பல பத்தாண்டுக் குப்பை மலையாகக் கிடக்கிறது. அதைக் கிளறிப் பிரித்து அள்ள ஏறத்தாழ 640 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். மலை கரைகிறதே என்று மூச்சு விடுவதற்குள் எரிஉலை வரும் என்றார்கள். 2025 மே மாதம் ஜனங்கள் கைகோத்துத் தெருவில் நின்றார்கள். நுரையீரலுக்காகப் போராட இங்கே ஆள் உண்டு. முதுகுக்குத்தான் சங்கமும் கிடையாது, சங்கிலியும் கிடையாது.

இந்த ஊரின் முதுகுகளை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்குகிறவர். தொட்டியிலிருந்து குப்பையைக் குனிந்து குனிந்து வாரும் அக்கா. மீன்பாடி வண்டி மிதிக்கிற அண்ணன். எண்ணூருக்கும் துறைமுகத்துக்கும் கன்டெய்னர் ஓட்டிக்கொண்டு போய் வரிசையில் மணிக்கணக்காக இருக்கையோடு ஒட்டிக் கிடக்கும் டிரைவர். பெரம்பூரிலும் அண்ணா நகரிலும் நாலு வீடு பெருக்கித் துடைத்துவிட்டு, சொந்த வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குடம் தூக்குகிற அம்மா. இவர்கள் எல்லாருக்கும் பொதுவான குலதெய்வம் தெருமுனை மெடிக்கல். அங்கே சாயங்காலம் நடக்கும் பூஜை இப்படி இருக்கும்:

"அண்ணே, ஒரு செட்டு குட்ணே."

"இன்னாத்துக்கு?"

"முதுவுதான். வேற இன்னா."

"நேத்து குட்த்தது கேக்கலியா?"

"நேத்து கேட்டுச்சு. இன்னிக்கு லோடு ஜாஸ்தி."

ஒரு மருத்துவக் கல்லூரியே இந்த அஞ்சு வரிக்குள் அடக்கம். நோய் என்ன, காரணம் என்ன, மருந்தளவை எதை வைத்துத் தீர்மானிப்பது, எல்லாம் இருக்கிறது. செட்டு என்பது காகிதத்தில் மடித்த நாலு மாத்திரை. வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, ரோஸ் ஒன்று, இவை மூன்றும் வயிற்றைப் பொத்தலாக்காமல் இருக்க இன்னொன்று. எது என்னவென்று வாங்குகிறவருக்குத் தெரியாது. சில செட்டில் ஸ்டீராய்டும் சத்தமில்லாமல் படுத்திருக்கும். அதிலும் கேட்காவிட்டால் கிளினிக், அதே 3 மில்லி ஊசி. மே மாத வெயிலில் உடம்புத் தண்ணீரெல்லாம் வேர்வையாய் வழிந்த பிறகு இந்த ரக மருந்து உள்ளே போனால் மனிதச் சிறுநீரகத்துக்கும் ஆபத்துதான். குடல் புண், ரத்தக் கசிவு, இருதயக் கோளாறு எல்லாம் பாடப் புத்தகத்தில் எழுதியிருக்கிற விஷயம். ஆனால் லோடுமேனைத் தின்று யாரும் சாவதில்லை. அதனால்தான் ஆராய்ச்சி வரவில்லை போலிருக்கிறது.

'கண்ட மாத்திரையைப் போடாதீர்கள், மாற்று வழிகள் இருக்கின்றன' என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். கேட்போம். முதலில் அந்தக் கண்ட மாத்திரையின் அண்ணன்மாரைப் பற்றி ஒரு வார்த்தை.

பேப்பரில் 'வலி நிவாரணி' என்ற சொல் வந்தாலே இப்போது அது குற்றச் செய்திதான். வியாசர்பாடி, எம்.கே.பி. நகர், கொடுங்கையூர் என்று மாறி மாறி வரும்: போதைக்காக வலி நிவாரணி மாத்திரை விற்ற வாலிபர்கள் கைது. டேபென்டடால் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளின் கதை அது. டிரமடால் என்ற வலி மாத்திரையை 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். உடனே டேபென்டடால் காலியான நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. அதைத் தசை தளர்த்தும் இன்னொரு மருந்தோடு கலந்து மும்பைக் கம்பெனி ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவுக்கு மூட்டை மூட்டையாக அனுப்பியதை பிபிசி படம் பிடித்துக் காட்டிய பிறகு, 2025 பிப்ரவரியில் அந்தக் கலவைக்குத் தடை வந்தது. வெளிநாட்டுக்காரன் படம் பிடித்தால் நமக்குச் சட்டென்று பார்வை வந்துவிடும்.

வலி இல்லாத பையனுக்கு மாத்திரை கூரியரில் வருகிறது. வலி இருக்கிற பெரியவர் சீட்டோடு போனாலும் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். போகட்டும். இதில் இன்னொரு கூத்தும் உண்டு: இந்த வீரிய மாத்திரைகள் முதுகுவலிக்குப் பெரிதாகக் கேட்பதும் இல்லை. அமெரிக்காவில் 240 பேரை வைத்து ஒரு வருஷம் பார்த்து 2018இல் சொன்னார்கள், நாள்பட்ட முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் ஓபியாய்டு என்கிற இந்த வீரிய வகை மாத்திரை சாதா மாத்திரையைவிட எந்த விதத்திலும் ஒசத்தி இல்லை என்று. புதிதாய் வந்த முதுகுவலிக்கும் கழுத்துவலிக்கும் அது வெறும் மாவு மாத்திரைக்குச் சமம் என்று 2023இல் ஆஸ்திரேலியர்கள் சொன்னார்கள். ஆகவே மாற்று வேண்டும் என்பதில் எனக்கும் நிபுணருக்கும் சண்டை கிடையாது. சண்டை அந்த மாற்றுப் பட்டியலில்தான் ஆரம்பிக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட முதுகுவலிக்கென்று முதல் முறையாக வழிகாட்டுதல் வெளியிட்டது. 2020 கணக்குப்படி உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு, முதுகு வலி. இவ்வளவு பேர் முனகிய பிறகுதான் முதல் வழிகாட்டுதல். நோயாளிக்கு விளக்கிச் சொல்லுங்கள், உடற்பயிற்சி கொடுங்கள், மசாஜ் போன்ற கைச்சிகிச்சை பாருங்கள், மனப்பழக்கத்தை மாற்றும் உளவியல் சிகிச்சை கொடுங்கள், அழற்சி குறைக்கும் மாத்திரையை அளவோடு கொடுங்கள் என்றது. ஓபியாய்டு வேண்டாம், இழுவைச் சிகிச்சை வேண்டாம், இடுப்பு பெல்ட் வேண்டாம் என்றும் சொன்னது. நல்ல பட்டியல்தான், பொய் ஒன்றும் இல்லை. இதை எடுத்துக்கொண்டு கொடுங்கையூர்ப் பக்கத்து மூலக்கடையில் பஸ் இறங்கி நடந்து பார்க்கலாம், வாருங்கள்.

உடற்பயிற்சி. லோடுமேனுக்கு உடற்பயிற்சி போதவில்லை என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியசாலி முதலில் முன்னே வரட்டும். அவன் செய்வது வேலை, அது பயிற்சி ஆகாது, தசைகளைச் சமமாக வலுப்படுத்தும் அசைவுகள் தனி என்பார்கள். சரியான பேச்சு. அந்தத் தனி அசைவுகளை அவன் எப்போது செய்வது? விடியற்காலை லாரி வருவதற்கு முன்னாலா, ராத்திரி செட்டு போட்டுக்கொண்டு சாய்ந்த பிறகா?

நடை. நடந்தால் முதுகுவலி திரும்ப வருவது தள்ளிப்போகும் என்பதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது. 2024இல் 701 பேரை வைத்துச் செய்த ஆஸ்திரேலிய ஆய்வு: வழிகாட்டுதலோடு நடந்தவர்களுக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது, அந்த வழிகாட்டுதல் கிடைக்காதவர்களுக்கு 112 நாள். மாத்திரை இல்லை, மிஷின் இல்லை, பைசா செலவில்லை. தமிழ்நாடு அரசும் சும்மா இருக்கவில்லை. 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 2023 நவம்பரில் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கியது. சென்னையில் அதை எங்கே தொடங்கினார்கள் என்று நினைக்கிறீர்கள்? பெசன்ட் நகரில். கடல் காற்றும் நிழல் மரமும் ஏற்கெனவே இருக்கிற இடத்தில் நலம் பெறுவது சுலபம் அல்லவா, திட்டமும் தோற்காது. எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை ஓரமாக ஒரு 8 கிலோமீட்டர் போட்டிருந்தால், இந்தப் பக்கம் குப்பை லாரி, அந்தப் பக்கம் கன்டெய்னர், காலடியில் மூடி இல்லாத சாக்கடை என்று நடக்கிறவனுக்கு முதுகுவலியே மறந்துபோகும். உயிர்ப் பயத்துக்கு முன்னால் மற்ற வலியெல்லாம் தூசு.

மசாஜ். நம்மாளுக்குத் தெரிந்த மசாஜ், பெண்டாட்டி கோடாலித் தைலத்தைத் தேய்த்துவிடுவது. அவளுக்கும் இடுப்பு வலி. அவளுக்கு யார் தேய்ப்பது என்று எந்த வழிகாட்டுதலும் சொல்லவில்லை.

உளவியல் சிகிச்சை. வலியைக் கண்டு பயந்து முடங்காதே, அசைந்தால் முதுகு உடைந்துவிடாது என்று மனதுக்குப் புரிய வைப்பது அதன் சாரம். இந்த விஷயத்தில் கொடுங்கையூர் உலகத்துக்கே வகுப்பெடுக்கலாம். வலிக்குப் பயந்து ஒருநாள் முடங்கினால் மறுநாள் உலை ஏறாது என்று தெரிந்தவனுக்கு எந்த ஆலோசகர் என்ன புதிதாய்ச் சொல்லிவிடப் போகிறார்?

ஸ்கேன் பற்றிப் பட்டியலில் இல்லை, ஆனால் ஜனங்களின் வாயில் இருக்கிறது. "எல் ஃபோர் எல் ஃபைவ் போயிடுச்சு" என்று சொல்லாத ஆள் இந்தப் பக்கத்தில் குறைவு. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கணக்கு வந்தது: 20 வயதுக்காரர்களில் 30 சதவீதத்தினருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதத்தினருக்கும் டிஸ்க் பிதுங்கித்தான் இருந்தது, வலியில்லாமலே. பிதுங்கலைக் காட்டிப் பயமுறுத்தி, வட்டிக்கு வாங்க வைத்து, கடைசியில் உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்ற அதே பெல்ட்டை மாட்டி அனுப்புகிற வியாபாரம் தனியாக ஓடுகிறது.

பிசியோதெரபி? இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியபோது இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறோம் என்றார்கள். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெரியவர்களுக்கு அது நிஜமாகவே உதவி, அதைக் கேலி செய்ய என் வாய் வராது. ஆனால் லோடுமேன் வீட்டில் இருக்கும் நேரத்தில் எந்தத் திட்டமும் வீடு தேடி வராது. அவன் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போகலாம். காலையில் ஓ.பி. சீட்டு, வரிசை, எக்ஸ்ரே, மறுபடி வரிசை. மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு ஓ.பி. வரிசை இலவசம் இல்லை. ஒருநாள் கூலி அதன் கட்டணம். வாரம் மூன்று நாள் வரச் சொன்னால் மீதி நாள் கூலியில் வாடகையும் கட்ட முடியாது.

ஒன்றே ஒன்று மட்டும் அவனைத் தேடி வருகிறது. சீட்டு வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், பகல் 12 முதல் ராத்திரி 10 வரை திறந்திருக்கும், நடத்துவதும் அரசாங்கமே. 2003இலிருந்து சில்லறைக்கும் கிடைக்கிறது. 2023-24இல் மட்டும் 45,855 கோடி ரூபாய் வருமானம் தந்த அந்த வலி நிவாரணக் கழகத்துக்கு டாஸ்மாக் என்று பெயர். ஒரு குவார்ட்டரும் ஒரு செட்டும் சேர்ந்தால் குடலுக்கும் ஈரலுக்கும் என்ன ஆகும் என்று கேட்டால், குடிப்பவன் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் கிடைக்கும். பிரசங்கம் இலவசம்.

இவ்வளவு மாற்றுகளையும் கவனித்தீர்களா? எல்லாமே அவன் உடம்பில் செய்ய வேண்டியவை. நீ நட, நீ குனி, நீ நிமிர், நீ மனதை மாற்று, நீ எடையைக் குறை. அவன் தொப்பையின் எடையைத்தான் சொல்கிறார்கள். அவன் தலைமேல் இருக்கும் எடையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

சிமென்ட் மூட்டை 50 கிலோ. ரேஷன் அரிசி மூட்டை 50 கிலோ. 10 டன் லாரி என்றால் 200 மூட்டை. நாலு பேர் இறக்கினால் ஆளுக்கு 50 மூட்டை, அதாவது ஒரு முதுகின் வழியாக இரண்டரை டன், ஒரே லாரிக்கு. ஐரோப்பாவில் அதே சிமென்டை 25 கிலோ பையில் அடைக்கிறார்கள். சிமென்ட் அங்கேயும் இறுகுகிறது, வீடு அங்கேயும் நிற்கிறது. 25 கிலோ பை, சக்கரம் வைத்த தள்ளுவண்டி, லாரி உயரத்துக்கு ஒரு சாய்தளம், ஒரு கன்வேயர் பெல்ட்: இவையும் வீரிய மாத்திரைக்கு மாற்றுதான். எந்த மெடிக்கலிலும் கிடைக்காது, எந்த டாக்டரும் எழுதித் தர முடியாது, வாங்கித் தர வேண்டியவன் கேட்டால் 'காஸ்ட் ஜாஸ்தி சார்' என்பான். முதுகு காஸ்ட் இல்லையே. ஒன்று போனால் நாளைக்குக் காலையில் பீகாரிலிருந்து இன்னொன்று ரயிலேறி வரும்.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் உண்டாக்கும் அளவுக்குப் பாரம் தூக்க வைக்கக் கூடாது என்று அழகாகச் சொன்னது. கூட்ஸ் ஷெட்டும் தெருவோரக் குடோனும் தொழிற்சாலையா? அது வேறு கேள்வி, அதற்கு வேறு மேஜை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே ஓர் ஆண் தூக்கும் எடைக்கு உச்சம் 55 கிலோ என்று பரிந்துரைத்தது. நமது மூட்டை 50 கிலோ. ஆகவே நாம் உலகத் தரத்துக்கு 5 கிலோ மேலான கருணையோடு இருக்கிறோம். ஒருமுறை தூக்கினால் 50 கிலோ, ஒருநாளில் எத்தனை முறை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதே தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்கள் 29 இருந்தன. ஈயம், பாதரசம், ஆந்த்ராக்ஸ், காது மந்தம் எல்லாம் இருந்தன. முதுகு இல்லை. அந்த அட்டவணையைப் பொறுத்தவரை இந்தியத் தொழிலாளி முதுகெலும்பில்லாத பிராணி.

வனத்துறைக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம் என்று தோன்றுகிறது. பாறு, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கூட ஒரு வரி போட்டு லோடுமேனையும் சேர்த்துவிட்டால், தொழிலாளர் துறை செய்யாததை வனத்துறையாவது செய்யும்.

உட்காரும் விஷயத்தில் மட்டும் நாம் ஒரு சாதனை செய்திருக்கிறோம். கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டம் திருத்தின. மனிதன் உட்காரச் சட்டசபை கூட வேண்டிய நாடு இது, ஆனாலும் நல்ல சட்டம். அதை நம்பித்தானோ என்னவோ, 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே என்று 13 நாள் உட்கார்ந்தார்கள். ஆயுள் முழுக்கக் குனிந்தவர்கள் அவ்வளவு நாள் தொடர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் முறையாக இருக்கும். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்தது. பெண்களைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றினார்கள். பாரம் தூக்க அரசிடம் ஆள் இல்லை என்று இனி யாரும் குறை சொல்ல முடியாது. மறுநாளே சலுகைகள் அறிவித்தார்கள், காலைச் சாப்பாடு இலவசம் என்றார்கள். தொழில்சார் நோய்களுக்குத் தனித்திட்டம் என்றபோது நுரையீரலையும் தோலையும் பெயர் சொல்லி அழைத்தார்கள். 13 நாள் தார்ச்சாலையில் காய்ந்த முதுகு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

கூட்ஸ் ஷெட் பக்கம் போனால் மூட்டையில் அச்சடித்திருப்பதை ஒருமுறை படித்துப் பாருங்கள். கொக்கி போடாதே என்று ஆங்கிலத்தில் இருக்கும். லோடுமேனின் கையில் இருக்கும் அந்தச் சின்ன இரும்புக் கொக்கிதான் அவனை முழுக்கக் குனிய விடாமல் அரைக் குனிவில் மூட்டையைப் பிடிக்க வைக்கிறது. அவனே கண்டுபிடித்து வைத்துக்கொண்ட ஒரே முதுகு வைத்தியம் அது. போட்டால் சாக்கு கிழியும், சரக்கு சிந்தும், கூலியில் பிடிப்பார்கள். சாக்கின் உடம்பில் ஓட்டை விழக் கூடாது என்று யோசித்து, அச்சுக்குக் காசு செலவழித்து, எழுதி வைத்திருக்கிறான் முதலாளி. அந்த எழுத்துதான் லோடுமேனின் பிடரியில் அழுந்துகிறது, ஒரு லாரிக்கு 50 தடவை.